நகரத்தைப் பற்றிய வானொலிச் சித்திரம்: எங்கே தவறுகிறோம்?

வாடகை உயர்வு, குடியிருப்பு அகற்றம், இரவு வேலை, தெருவோரத்தில் உறங்குபவர்கள் என்று நகர வாழ்க்கையைப் பற்றிப் பொது வானொலிக்கு விவரணச் சித்திரம் (டாகுமெண்டரி) செய்பவர்கள் பலர், முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் மைக்கைக் கையில் எடுக்கிறார்கள். மற்ற தவறுகளைத் திருத்திவிடலாம், இதைத் திருத்துவது கஷ்டம். ‘வீடிழந்த மக்கள் அவதி’ என்று தலைப்பு வைத்தாகிவிட்டால் போகிற இடத்தில் அழுகையைத்தான் தேடுவோம். பேச வந்த பெண், புது வீட்டில் தனிக் கழிப்பறை கிடைத்த நிம்மதியைச் சொன்னால் அது எடிட்டிங்கில் காணாமல் போகும். கேட்பவருக்கு அவருடைய துயரம் தெரியும், அவரைத் தெரியாது.

1993-இல் அமெரிக்கப் பொது வானொலியில் வந்த ‘கெட்டோ லைஃப் 101’ என்ற சித்திரம் வேறு வழியில் போனது. சிகாகோவின் தென்பகுதியில் வளர்ந்த 13, 14 வயதுப் பையன்கள் இருவரிடம் தயாரிப்பாளர் டேவிட் ஐசே ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டார். தங்கள் வீட்டையும் தெருவையும் அவர்களே பதிவு செய்தார்கள், சொந்தக் குடும்பத்தாரிடம் அவர்களே கேள்வி கேட்டார்கள். வெளியிலிருந்து போகிற நிருபருக்கு அந்தப் பேச்சு எளிதில் கிடைக்காது. எல்லோராலும் ரெக்கார்டரைக் கொடுக்க முடியாது, சரி. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பாமல் மறுபடியும் போகலாமே.

கேள்வியும் முக்கியம். “கஷ்டமாக இருக்கிறதா?” என்றால் “ஆமாம்” என்று ஒரு சொல்தான் வரும். “காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்று கதவைத் திறந்தது யார்?” என்று கேளுங்கள், அந்த நாள் முழுக்கக் கதையாக வரும்.

அடுத்து ஒலி. அமைதியான அறையில் பேட்டி எடுத்துவிட்டு, எங்கிருந்தோ எடுத்த வாகன இரைச்சலை அடியில் ஒட்டுவது கேட்பவரை ஏமாற்றுவதுதான். அமெரிக்கப் பொது வானொலி அமைப்பான என்.பி.ஆர். 1971 மே 3 அன்று ‘ஆல் திங்ஸ் கன்சிடர்டு’ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, வாஷிங்டன் தெருக்களில் அன்று நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்தை அந்த இடத்துச் சத்தத்தோடே கொடுத்தது. பேசுபவரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே, வேலை நடக்கும்போதே பதிவு செய்யுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், காதில் ஹெட்ஃபோன். பின்னால் டிவி ஓடினால் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பேச்சை வெட்டும் இடத்தில் டிவி சத்தமும் தாவும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வதைப் பலர் மறக்கிறார்கள். ஃப்ரிட்ஜின் ரீங்காரமும் ஜன்னலுக்கு வெளியே கேட்கும் இரைச்சலும் சேர்ந்த அந்தச் சத்தம்தான் வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்கும்.

அழுகைக்கு அடியில் சோக இசை வேண்டவே வேண்டாம். புள்ளிவிவரம் ஒன்றிரண்டு போதும், காதால் முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது.

அப்புறம், பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது ஆபத்து. குரலை அக்கம்பக்கத்தார் உடனே கண்டுகொள்வார்கள். பின்னணியில் கேட்கும் ரயில் நிலைய அறிவிப்பு ஊரையே சொல்லிவிடும். பிள்ளையின் பெயர் ஒரு முறை வாய் தவறி வந்தாலும் போதும். அடையாளம் தெரிந்தால் வேலையோ வீடோ போகும் என்றால், அவர் சொன்னதை வேறொருவர் குரலில் வாசிக்க வைத்து, அதைக் கேட்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

குற்றம் சாட்டப்படும் வீட்டு உரிமையாளருக்கோ மாநகராட்சிக்கோ ஒலிபரப்புக்கு முந்தின நாள் மாலை ஒரு போன் போட்டுவிட்டு, “பதில் தரவில்லை” என்று அறிவிப்பது நியாயமில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் அனுப்பிச் சில நாள் அவகாசம் கொடுங்கள். வரும் பதிலை, நமக்குப் பிடிக்காவிட்டாலும், அதன் பொருள் மாறாமல் சேருங்கள்.