பெங்களூரு அப்ரோச்: 'ஆயிரம் அடி' கால்-அவுட் எங்கே சொல்ல வேண்டும்?

பெங்களூரில் ஏ320 விமானச் சிமுலேட்டர் பயிற்சிக்குப் போகப்போகிறவர்களுக்கு இது. ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது (அப்ரோச்), அதற்கு மேல் ஆயிரம் அடியில் சத்தமாகச் சொல்ல வேண்டிய 'கால்-அவுட்' பற்றி. ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு), ஃபிளாப் (இறக்கையில் விரியும் தகடு) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை கூட்டல். பலர் சறுக்குவதும் இங்கேதான். சென்னை ஓடுபாதை கிட்டத்தட்ட கடல் மட்டம். க்யூஎன்எச் (கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்ட வைக்கும் காற்றழுத்த எண்) வைத்த ஆல்டிமீட்டர், அதாவது உயரமானி, 1,000 காட்டினால் ஓடுபாதைக்கு மேலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெங்களூரின் கெம்பேகவுடா விமான நிலையமோ சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே அந்தக் கால்-அவுட் 4,000-ல். 500 அடிக்கு உரியது 3,500-ல். 1,000 வரட்டும் என்று காத்திருந்தால் 3,000-லேயே சக்கரம் தரை தொட்டிருக்கும்.

'ரேடியோ ஆல்டிமீட்டர் இருக்கிறதே' என்பார்கள். அது நேர் கீழே உள்ள மண்ணை அளக்கிறது. 3 டிகிரி சரிவில் ஆயிரம் அடியில் ஓடுபாதை இன்னும் 3 நாட்டிகல் மைல் தள்ளி. நடுவில் மேடு பள்ளம் இருந்தால் எண் மாறும்.

ஆகவே பிரீஃபிங்கிலேயே 5,000 / 4,000 / 3,500 என்று எழுதிவையுங்கள். டேப்லெட்டைவிடத் துண்டுக் காகிதமும் பென்சிலும் மேல். திரை மாற்றினாலும் மறையாது.

5,000-க்குள் ஃபிளாப் 2. பிறகு கியர் (சக்கரங்கள்), ஃபிளாப் 3, ஃபுல். ஃபுல்லுக்கு உச்சவரம்பு 177 நாட்: மானிட்டரிங் பைலட் (ஓட்டாமல் கவனிப்பவர்) முதலில் வேகத்தைப் பார்த்து 'ஸ்பீட் செக்டு' சொல்லிவிட்டுத்தான் ஃபிளாப் லீவரைத் தொட வேண்டும். திரையில் நீலமாக இருக்கும் 'ஃபுல்' பச்சையாகும்வரை கண் அங்கேயே.

4,000-ல் பார்க்க வேண்டியவை: கியர், ஃபிளாப், லேண்டிங் செக்லிஸ்ட் முடிந்ததா, வேகம் அப்ரோச் வேகத்துக்கு +10/-5-க்குள்ளா, இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குக் குறைவா, எஞ்சின் ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசை) மேல் நிலைத்ததா. இங்கே தோற்பது பெரும்பாலும் கடைசியில்தான். 30 டிகிரி வெயிலில், இந்த உயரத்தில், மீட்டரில் 140 நாட் என்றால் உண்மையில் ஏறக்குறைய 150. அதே சரிவுக்கு இறக்கமும் கூடும். வேகம் குறைய அதிகத் தூரம் பிடிக்கும். சென்னையில் விட்ட இடத்தில் ஃபிளாப் விட்டால் 4,000-ல் வேகம் மிச்சமிருக்கும், எஞ்சின் ஐடிலில் கிடக்கும்.

ஒன்று தவறினாலும் 'கோ-அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது. வாதம் வேண்டாம். 2010 மங்களூரு, 2020 கோழிக்கோடு விபத்துகள் இரண்டிலும் பக்கத்து இருக்கையிலிருந்து அந்தச் சொல் வந்தது, இறக்கம் நிற்கவில்லை. வரிசை: எஞ்சின் லீவர் டோகாவுக்கு (முழு விசை), மூக்கைத் தூக்கு, ஃபிளாப் ஒரு படி உள்ளே, ஏற்றம் உறுதியான பிறகு கியர். பதற்றத்தில் முதலில் கியரை இழுப்பவர்கள் உண்டு.

சேர்க்கை: 'எங்கள் கம்பெனியில் வெளியே தெளிவாகத் தெரிந்தால் 500 அடியில்தான் முடிவு' என்று சிலர் சுட்டியிருந்தார்கள். சரிதான், உங்கள் கையேடு சொல்வதே சட்டம். இன்னொன்று, 4,000 சரியாக இருந்தும் தாழ்ந்துவிடுவது ஏன்? க்யூஎன்எச்சைப் பாருங்கள். 1008-க்குப் பதில் 1018 வைத்தால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி வீதம், ஆயிரம் என்று நீங்கள் சொல்லும் இடம் உண்மையில் எழுநூறு.