லெனாபேயில் வெறும் 'அப்பா' கிடையாது

லெனாபே ஒரு வட அமெரிக்கப் பழங்குடி மொழி. போன வாரம் எங்கள் லெனாபே வகுப்புக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், நோட்டில் 'அப்பா = ஊஹ்' என்று எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. உச்சரிப்புத் தடுமாற்றமெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். இது சரியாகாது.

ஒட்டைப் பிய்த்து வேரை மனப்பாடம் செய்வது

'நூஹ்' என்றால் என் அப்பா, 'கூஹ்' என்றால் உன் அப்பா. உடனே நமக்குக் கை துறுதுறுக்கும்: 'ந்', 'க்' இரண்டையும் கழற்றினால் மிச்சம்தானே 'அப்பா'? நானும் அப்படித்தான் அட்டை அட்டையாக எழுதி, மூன்று மாதம் உருப்போட்டேன்.

பிறகு வந்தது வினை. இந்த மொழியில் உயிரெழுத்தில் தொடங்கும் வினைச்சொல்லுக்கு முன்னொட்டு சேர்த்தால் இடையில் ஒரு 'த்' வரும். 'உன்னை நேசிக்கிறேன்' என்பதற்கு 'க்தஹோலெல்' என்கிறார்களே, அந்த 'த்' அப்படி வந்ததுதான். விதி தெரிந்த கர்வத்தில் என் அட்டை வேருக்கும் அதைப் போட்டு 'ந்தூஹ்' என்றேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. உறவுப்பெயர் பிறக்கும்போதே யாருடையது என்ற ஒட்டோடு பிறக்கிறது. அதற்கு 'த்' வேண்டாம். "சரி, வெறும் அப்பாவுக்கு என்ன சொல்?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். "யாருடைய அப்பா?" என்றார்.

எரிச்சல் என் மேல்தான். எந்தை, நுந்தை, தந்தை என்று பள்ளியில் படித்தவன் நான். என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை என மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழிக்காரனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

லெனாபேயின் வட்டார வழக்குகளில் ஒன்றான ஊனாமியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2002-இல் காலமானார். நாம் கட்டிவிடும் போலிச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வீட்டில் பாட்டி இல்லை. ஒலிப்பதிவில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

எக்ஸ் எழுத்து

லெனாபேயை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் x, 'க்ஸ்' அல்ல. தொண்டையில் உரசும் 'ஹ்'.

அவருடைய அப்பா

முன்னொட்டு மட்டும் போதாது, சொல்லின் வாலும் மாறும்.

'நம்'மையும் 'எங்கள்'ஐயும் குழப்புவது

ஆங்கில விளக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்; அதனால்தான் தமிழர்கள்கூட இதில் விழுகிறோம். 'எங்கள்' என்றால் முன்னால் 'ந்', 'நம்' என்றால் முன்னால் 'க்', பின்னால் இரண்டுக்கும் 'ன'. 'உன்' என்பதற்கான அதே 'க்'தான் 'நம்'முக்கும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோம் அல்லவா. மக்காச்சோளத்தை லெனாபேயர் 'கஹெஸென ஹஸ்க்விம்', நம் சோளத் தாய் என்பார்கள். அங்கே 'க்' பொருந்தும். நான் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு அதே 'க்'கைப் போட்டுப் பேச, ஆசிரியை சிரித்துக்கொண்டே, "அப்படியானால் நீ எனக்குத் தம்பியா?" என்றார்.