27 நொட் என்றால் 50 கிலோமீற்றர்

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மாமாவின் அழைப்பு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

“பிள்ளை, ஐம்பது கிலோமீற்றர் காத்து எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். அது எத்தினை நொட்?”

“இருபத்தேழு, மாமா.”

மாமா யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். இப்போது கொழும்பு முகத்துவாரத்திலிருந்து, பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் நெடுநாள் கலத்தில் தொழிலுக்குப் போகிறார். கலத்திலிருக்கும் ஜிபிஎஸ் கருவி வேகத்தை நொட் என்ற கடல் அளவில்தான் காட்டும். அவர் கடலைப் படித்ததும் நொட்டில்தான். பத்து நொட் காற்றில் கலம் எப்படி ஆடும், இருபது நொட்டில் வலை இழுப்பது எவ்வளவு பாடு என்பதெல்லாம் அவருடைய கைகாலுக்கே தெரியும். ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்றுதான் வருகிறது. அந்த எண் அவருக்குக் காதில் விழும், உடம்பில் ஏறாது. அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்.

நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 22 வருடமாக வேலை செய்கிறேன். கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று பார்ப்பதும், அதற்கேற்ப ஆட்களையும் கப்பலுக்குப் போய்வரும் சிறு படகான லோஞ்சையும் ஒழுங்கு செய்வதும் என் பொறுப்பு. நாளுக்குப் பத்துத் தடவையாவது நொட்டைக் கிலோமீற்றராக்குகிறேன், கிலோமீற்றரை நொட்டாக்குகிறேன். கையில் கல்குலேட்டர் இல்லாமலே இதைச் செய்யலாம். செய்யும் விதத்தைச் சொல்லுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நொட் என்பதே ஒரு வேகம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நொட். மணித்தியாலம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘மணித்தியாலத்துக்கு 12 நொட்’ என்று எழுதுவது பிழை. ‘12 நொட்’ என்றாலே போதும். தமிழ்நாட்டில் ‘நாட்’ என்று எழுதுகிறார்கள், பாடப்புத்தகங்களில் ‘கடல் மைல்/மணி’ என்றும் வரும். எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் கடல் மைலின் நீளம் 1852 மீற்றர், அதாவது 1.852 கிலோமீற்றர். 1929இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்வரைவியல் (கடல் வரைபட) மாநாட்டில் இந்த எண் தீர்மானமானது. அதற்குப் பிறகும் ஆங்கிலேயர் 6080 அடி என்று வைத்திருந்த தங்கள் கடல் மைலை 1970வரை விடவில்லை. அது 1853 மீற்றரும் சொச்சமும். பழைய அட்டவணை ஏதாவது கைக்கு வந்து கடைசி இலக்கம் ஒத்துவராவிட்டால் காரணம் இதுதான். வேகக் கணக்கில் அந்த ஒரு மீற்றர் ஒன்றும் செய்யாது.

1852 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பிறகு மறக்கவே மாட்டீர்கள். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் அலுவலகத்துக்கு வந்துபோகும் வயதான கப்டன் ஒருவர். மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, கவராயத்தின் ஒரு முனையைக் கொழும்பில் வைத்தார், மற்றதை யாழ்ப்பாணத்தில் வைத்தார். பிறகு அதே அகலத்தைக் குலையாமல் தூக்கி வரைபடத்தின் ஓரத்தில் இருந்த அகலக்கோட்டு அளவில் வைத்து எண்ணச் சொன்னார். கொழும்பு 6 பாகை 56 நிமிடம் வடக்கு, யாழ்ப்பாணம் 9 பாகை 40 நிமிடம். இந்த நிமிடம் நேரமல்ல, பாகையின் அறுபதில் ஒரு பங்கு. வித்தியாசம் 2 பாகை 44 நிமிடம், அதாவது 164 நிமிடம். “164 கடல் மைல்,” என்றார். அவ்வளவுதான் கணக்கு. அகலக்கோட்டில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 164ஐ 1.852ஆல் பெருக்கினால் 304 கிலோமீற்றர் வருகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காகம் பறக்கும் தூரம் அதுதான். பஸ்ஸில் போனால் இன்னும் நூறு கிலோமீற்றர் அளவு கூடும்.

மீற்றரும் பூமியிலிருந்தே பிறந்த அளவு. பூமத்திய கோட்டிலிருந்து துருவம்வரை 10,000 கிலோமீற்றர் என்று வைத்துத்தான் பிரான்ஸ்காரர் மீற்றரை வகுத்தார்கள். அதே தூரம் 90 பாகை, பாகைக்கு 60 நிமிடம், ஆக 5400 கடல் மைல். 10,000ஐ 5400ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.852. இரண்டு அளவும் ஒரே பூமியை வேறு வேறாக வெட்டியவை.

நொட் என்றால் முடிச்சு. பாய்க்கப்பல் காலத்தில் பலகைத் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிப் பின்னால் எறிவார்கள். பலகை தண்ணீரில் நிற்க, கப்பல் முன்னே போக, கயிறு கை வழியே ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் முடிவதற்குள் கையைத் தாண்டிய முடிச்சுகளின் எண்ணிக்கைதான் வேகம். 47 அடி 3 அங்குலம் 14.4 மீற்றர். அதை 28ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.514 மீற்றர். இன்றைக்கும் ஒரு நொட் அதே 0.514தான். இந்த எண் கீழே தேவைப்படும்.

இனி, நான் ஒரு தடவை செய்த பிழை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறைமுகத்துக்கு உள்ளே வராமல் கடந்துபோகும் கப்பல் ஒன்றுக்கு உதிரிப்பாகம் கொண்டுபோய்க் கொடுக்க லோஞ்ச் ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. கப்பல் 185 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது, வேகம் 12 நொட். ஒரு மைல் 1.6 கிலோமீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மனதில் இருந்ததால் 12ஐ 1.6ஆல் பெருக்கினேன்: 19.2. ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது என்று லோஞ்சுக்கு நேரம் கொடுத்தேன். உண்மையான வேகம் 22.2 கிலோமீற்றர். கப்பல் எட்டு மணித்தியாலம் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. கடலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் லோஞ்சுக்காக மிதந்துகொண்டு நின்றது. 1.6 தரை மைலுக்கான எண். கடலில் அதைப் பயன்படுத்தினால் வேகம் ஏழில் ஒரு பங்கு குறைந்து வரும். அன்றைக்கு அது நேரத்தில் விழுந்த பிழை. காற்றின் வேகத்தில் விழுந்திருந்தால் யாரோ கடலுக்குப் போயிருப்பார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். தூரம் கடல் மைலில் இருந்து வேகம் நொட்டில் இருந்தால் எதையும் மாற்றத் தேவையில்லை. அந்த 185 கிலோமீற்றர் 100 கடல் மைல்தான். 100ஐ 12ஆல் வகுத்தால் 8 மணித்தியாலம் 20 நிமிடம். கலந்து வரும்போது மட்டும் மாற்றுங்கள்.

இனி மனக்கணக்கு. நான் முதலில் சொல்லும் எண் 27. 27ஐ 1.852ஆல் பெருக்கினால் 50.004 வரும். இவ்வளவு பொருத்தமான சோடி வேறு கிடைக்காது. 27 நொட் 50 கிலோமீற்றர், 54 நொட் 100 கிலோமீற்றர், 108 நொட் 200 கிலோமீற்றர். பாதியாக்கினால் பதின்மூன்றரை நொட் 25 கிலோமீற்றர். இந்த நான்கையும் நெஞ்சில் வைத்துக்கொண்டால் நடுவில் வரும் எண்கள் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும்.

நொட்டிலிருந்து கிலோமீற்றருக்குப் போக: இரட்டியுங்கள், இரட்டித்ததில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள், பிறகு முதலில் இருந்த எண்ணின் இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 18 நொட் என்று வையுங்கள். இரட்டித்தால் 36, பத்தில் ஒன்று 3.6 போக 32.4, 18இன் இருபதில் ஒன்று 0.9 கூட 33.3. சரியான விடை 33.34. அவசரத்தில் கடைசிப் படியை விட்டாலும் பிழை மூன்று வீதத்தைத் தாண்டாது. ஆனால் விட்டால் எப்போதும் குறைவாகத்தான் வரும் என்பதை மறக்கக் கூடாது. காற்றைக் குறைத்துச் சொல்லுவது ஆபத்தான பக்கம், ஆகவே நான் விடுவதில்லை.

கிலோமீற்றரிலிருந்து நொட்டுக்கு வருவது இன்னும் சுலபம். பாதியாக்கி, முதலில் இருந்த எண்ணின் நூறில் நான்கைக் கூட்டுங்கள். 65 கிலோமீற்றர்: பாதி 32.5, நூறில் நான்கு 2.6, மொத்தம் 35.1 நொட். இந்த வழி இருநூறு கிலோமீற்றர்வரை போனாலும் சொச்சத்தில்தான் வித்தியாசம் காட்டும். இந்த ஒன்றைத்தான் மாமாவுக்குப் பழக்க முயல்கிறேன். “பாதி எனக்கு வரும் பிள்ளை, அந்த நூறில நாலுதான் நழுவுது,” என்கிறார். அவருக்காக இப்படி மாற்றினேன்: ஒவ்வொரு இருபத்தைந்து கிலோமீற்றருக்கும் பாதியோடு ஒன்று கூட்டுங்கோ. 50க்கு 25, இரண்டு கூட்ட 27. 75க்கு முப்பத்தேழரை, மூன்று கூட்ட நாற்பதரை. இது பிடித்துவிட்டது.

விநாடிக்கு மீற்றர் என்ற அளவில் கேட்டால் நொட்டைப் பாதியாக்குங்கள், போதும். 0.514 என்று மேலே வந்ததல்லவா. 10 நொட் விநாடிக்கு 5 மீற்றர் அளவு. காலிமுகத்திடலில் பிள்ளைகள் பட்டம் ஏற்றும்போது வீசும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஒண்டு’ என்று எண்ணுவதற்குள் ஐந்து மீற்றர் காற்று நம்மைக் கடந்துபோகிறது. துல்லியம் தேவையானால் அந்தப் பாதியில் நூறில் மூன்றைக் கூட்டலாம்: 30 நொட்டுக்கு 15, அதோடு 0.45, ஆக 15.45. விநாடிக்கு மீற்றரை மணித்தியாலத்துக்குக் கிலோமீற்றராக்க 3.6ஆல் பெருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் காற்று வரைபடம் பார்ப்பவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று முதலில் பாருங்கள். 15 என்பது நொட்டா, விநாடிக்கு மீற்றரா என்பதில் வேகம் இரண்டு மடங்காகிவிடும்.

புயல் காலத்தில் இந்திய வானிலை நிலையத்தின் அறிக்கையும் நம்மவர் கைக்கு வரும். அதில் 34 நொட்டிலிருந்து 47 நொட்வரை சூறாவளிப் புயல், கிலோமீற்றரில் 62 தொடக்கம் 88 என்று இருக்கும். 34ஐப் பெருக்கினால் 63 அல்லவா வருகிறது, பிழையா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். பிழையில்லை. 33க்கும் 34க்கும் நடுவில் இருக்கும் 33.5ஐப் பெருக்குங்கள், 62 வரும். 47க்கும் 48க்கும் நடுவிலுள்ள 47.5ஐப் பெருக்கினால் 88. கிலோமீற்றர் எண்களை இடைவெளி விழாமல் அடுக்கினால் எல்லைகள் அப்படித்தான் நிற்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்லும், இந்தியர் மூன்று நிமிடச் சராசரியைச் சொல்லுவார்கள். ஒரே புயலுக்கு இரண்டு எண் வந்தால் அது உங்கள் பெருக்கலின் குறையாக இருக்கத் தேவையில்லை. நீங்கள் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டு, யாருடைய எண் எது என்று பெயரோடு எழுதுங்கள்.

கப்பல் வேகத்துக்கு வந்தால் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் காட்டுவது நிலத்துக்கு மேலான வேகம். மாமாவின் கலம் தண்ணீரில் 8 நொட் ஓடினாலும் எதிரே 2 நொட் நீரோட்டம் இருந்தால் கருவியில் 6தான் நிற்கும். அதாவது 14.8 கிலோமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 11.1. கரைக்கு எப்போது வருவார் என்று மாமிக்குச் சொல்ல வேண்டுமானால் கருவியில் உள்ள 6ஐத்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் கணக்குச் சரிதானா என்று பார்க்கத் தெரிந்த பயணம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியபோது சுமார் மூன்றரை மணித்தியாலப் பயணம் என்றார்கள். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். 60ஐ மூன்றரையால் வகுத்தால் 17 நொட். இரட்டித்து 34, 3.4 போக 30.6, 0.85 கூட்ட மணித்தியாலத்துக்கு 31.5 கிலோமீற்றர். மறுபக்கமாக 60 கடல் மைலை 111 கிலோமீற்றராக்கி மூன்றரையால் வகுத்தால் 31.7. இரண்டும் பக்கத்தில் நிற்கின்றன, கணக்குச் சரி.

அலுவலகத்தில் எக்செல் தாளில் செய்பவர்கள் 1.852 என்ற எண்ணைக் குறைக்காமல் அப்படியே ஒரு கட்டத்தில் வைத்துப் பெருக்குங்கள், முழுமையாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கினால் நீண்ட பயணத்தில் மணித்தியாலக் கணக்கில் பிழை சேர்ந்துவிடும்.

வட்ஸ்அப்பில் காற்றுச் செய்தி அனுப்பும்போது நான் இரண்டு அலகையும் சேர்த்தே எழுதுகிறேன். சிறிய எண்ணைத் தனியாக விட்டால் யாராவது அதைத் தமக்குப் பழகிய அலகில் வாசித்துவிடுவார்கள். நேற்று மாமாவுக்கு அனுப்பியது இது: “புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரை. தென்மேற்கிலிருந்து மணித்தியாலத்துக்கு 40–50 கி.மீ., அதாவது 22–27 நொட். இடைக்கிடை 60 கி.மீ., அதாவது 32 நொட்.” மாமா ஒரு வரி பதில் அனுப்பியிருந்தார்: “நாளைக்குப் போகேல்ல.”