துருக்கியின் இரண்டு ‘ஐ’: பைத்தானில் எழுத்து மாற்று அட்டவணை

ஒரு முகவரிப் பட்டியலைச் சீர்செய்துகொண்டிருந்தேன். துருக்கியின் இஸ்மிர் நகரத்து முகவரி ஒன்றுகூடத் தேடலில் சிக்கவில்லை. நான் தேடிய பெயரும் பட்டியலில் இருந்த பெயரும் திரையில் அச்சு அசலாக ஒன்றுதான். கடைசியில் பைத்தான் நிரல்மொழியில் இரண்டுக்கும் ‘லென்’ (எத்தனை எழுத்து என்று எண்ணும் ஃபங்ஷன்) போட்டுப் பார்த்தேன். ஒன்று 5, இன்னொன்று 7. பட்டியல் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருந்தது. அதைச் சின்ன எழுத்தாக்க ‘லோயர்’ போட்ட இடத்தில்தான் கோளாறு.

துருக்கி மொழி 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியது. அதன் 29 எழுத்துகளில் புள்ளி வைத்த ‘ஐ’ ஒன்று, புள்ளியில்லாத ‘ஐ’ இன்னொன்று. நம் லகர ளகரம் போல இரண்டும் வேறு வேறு எழுத்து, ஒலியும் வேறு. புள்ளி வைத்தது பெரிய எழுத்தானாலும் புள்ளியோடுதான் இருக்கும். பைத்தானின் ‘லோயர்’ மொழி எதுவென்று பார்ப்பதில்லை. புள்ளி வைத்த பெரிய எழுத்தைக் கொடுத்தால் சாதாரண சின்ன எழுத்தையும், அதன் தலையில் ஒட்டும் தனிப்புள்ளி ஒன்றையும் தருகிறது. அந்த எழுத்துக்கு ஏற்கெனவே புள்ளி இருப்பதால் இரண்டாவது புள்ளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இஸ்மிரில் அப்படி இரண்டு இடம், அதனால்தான் 7.

சரி, எந்த எழுத்துக்குப் பதில் எது என்று ‘டிரான்ஸ்லேட்’ கட்டளைக்குச் சொல்லும் அட்டவணைக்கு வருவோம். யூனிகோடு எண்கள் இவை: புள்ளியில்லாத பெரியது 73, சின்னது 305. புள்ளி வைத்த பெரியது 304, சின்னது 105. ஒட்டும் புள்ளி 775.

‘சிறிது’ என்று ஒரு டிக்ஷனரி (சாவியும் அதற்கான மதிப்பும் கொண்ட ஜோடிப் பட்டியல்) வையுங்கள் (பைத்தான் 3-இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்). அதில் 73-க்கு எதிரே 305, 304-க்கு எதிரே 105. ‘பெரிது’ என்ற இன்னொன்றில் 105-க்கு 304, 305-க்கு 73. இதில் கடைசி ஜோடியை, பெரிய எழுத்தாக்கும் ‘அப்பர்’ தானாகவே சரியாகச் செய்யும். ஆனாலும் நான் எழுதிவைப்பேன், பின்னால் படிப்பவருக்கு முழு ஜோடியும் தெரியட்டும். சாவியாக எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். எழுத்தையே கொடுத்தால், அதை எண்ணாக்கித் தரும் ‘மேக்டிரான்ஸ்’ வழியாக அனுப்பாதவரை ‘டிரான்ஸ்லேட்’ எதையும் மாற்றாது, பிழைச்செய்தியும் வராது.

வரிசை ரொம்ப முக்கியம். முதலில் ‘டிரான்ஸ்லேட்’, அப்புறம்தான் ‘லோயர்’. மாற்றிச் செய்தால் 73 எல்லாம் 105 ஆகிவிடும். பெரியதும் சின்னதும் கலந்த உரையில் எது எதுவாக இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. சில கோப்புகளில் 304-க்குப் பதில் 73-உம் 775-உம் அடுத்தடுத்து இருக்கும். எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனில் ‘என்எஃப்சி’ (பிரிந்த எழுத்தையும் புள்ளியையும் சேர்க்கும் வடிவம்) கொடுத்து ஒன்றாக்கிவிடுங்கள்.

சோதிக்க தியார்பகிர் என்ற ஊர்ப் பெயரைப் பரிந்துரைப்பேன். துருக்கி எழுத்தில் மொத்தம் 10 எழுத்து, அதில் இரண்டாவது புள்ளியோடு, ஒன்பதாவது புள்ளியில்லாமல். வெறும் ‘லோயர்’ போட்டால் நீளம் 11 ஆகும், ஒன்பதாவது எழுத்தும் தப்பாகும். அட்டவணை வழியாகப் போனால் 10 தான் வர வேண்டும். அதைத் திரும்பப் பெரிதாக்கினால் தொடங்கிய பெயரே கிடைக்க வேண்டும்.

இந்த அட்டவணையைத் துருக்கி உரை இருக்கும் பத்திக்கு மட்டும் போடுங்கள். ஆங்கிலப் பொருள் குறியீடு, எச்டிஎம்எல் டேக் பக்கம் விட்டால் அங்குள்ள பெரிய ‘ஐ’ எல்லாம் புள்ளியில்லாத சின்ன எழுத்தாகிவிடும். லத்தீன் எழுத்தில் எழுதும் அசர்பைஜானி மொழிக்கும் இதே இரண்டு டிக்ஷனரியும் அப்படியே பொருந்தும்.