கெண்டோ பழகத் தொடங்குகிறவர்களுக்கு

வாளே இல்லாத காலத்தில் கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்வீச்சு எதற்கு என்று கேட்டால், அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 1975-லேயே பதில் சொல்லிவிட்டது: வாளின் நெறிகளைப் பழகி மனிதனின் குணத்தைச் செதுக்க. சரி, எப்படித் தொடங்குவது? கவசத்துக்கு அவசரம் வேண்டாம், நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய் என்ற பயிற்சி வாள் போதும். இடது கை பிடியின் அடியில், வலது கை மேலே. இடது குதிகாலை லேசாகத் தூக்கி, பாதங்களைத் தரையோடு தேய்த்து நகருங்கள். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள். அப்புறம்தான் அடி. குரல், வாள், உடல் மூன்றும் ஒன்றாகச் சேராவிட்டால் புள்ளி கிடையாது, அடித்த பிறகும் விழிப்போடு நிற்க வேண்டும், கையை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே ரத்து செய்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்ததே இந்த விதிதான். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஜப்பானில் எட்டாம் டான் என்ற உச்சப் படிக்கான தேர்வில் நிற்கவே 46 வயதாகியிருக்க வேண்டும்.