கையெழுத்திலிருந்து தொடங்கினோம்

தக்கலைப் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் ஓர் இளைஞன், கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுவான். ஆனால் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினால் பேனாவைத் தொடமாட்டான். "கைநாட்டு வச்சா போதாதா டீச்சர்?" என்றார் அவன் அம்மா. கைநாட்டு செல்லும்தான். ஆனால் எழுதக்கூடிய பிள்ளை ஏன் மை தொட வேண்டும்? தன் பணத்தைத் தானே கையாளும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே தருகிறது.

சீட்டைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். மற்றதெல்லாம் நான் நிரப்புவேன், கையெழுத்து மட்டும் அவன். அது கைவந்ததும் தொகை, அப்புறம் கணக்கு எண், பெயர், தேதி என்று ஒவ்வொன்றாக அவனுக்கு விட்டேன். சிறப்புக் கல்வியில் இதை 'பேக்வர்ட் செயினிங்' என்பார்கள். எந்த நாளிலும் முழுதாக முடிந்த சீட்டு அவன் கையில் இருக்கும். "முடிஞ்சு டீச்சர்!" என்று அவன் நீட்டும்போது வரும் சந்தோஷம் பெரிது.

கட்டத்துக்குள் எழுத்து நிற்கவில்லை. சீட்டை இரண்டு மடங்கு பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, கட்டங்களின் ஓரத்தைக் கறுப்பு ஸ்கெட்ச்சால் தடிப்பாக்கினேன். கணக்கு எண்ணை மஞ்சள் ஹைலைட்டரில் எழுதி, அதன்மேல் எழுதவைத்தேன். பிறகு மஞ்சளை ஒவ்வோர் இலக்கமாகக் குறைத்து, சீட்டையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

தொகையை எழுத்தில் எழுதுவதுதான் இன்னும் சிரமம். 'ஐந்நூறு', 'ஆயிரம்', 'இரண்டாயிரம்' எழுதிய அட்டையைப் பாஸ்புக்கில் செருகிவைத்திருக்கிறான், பார்த்து எழுதிக்கொள்கிறான்.