லெவி-ஸ்ட்ராஸை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு மானுடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் (1908–2009) என்ற பெயர் காதில் விழுந்ததும் பலருக்கு 'இருமை எதிர்வு' நினைவுக்கு வந்துவிடும். பச்சை × சமைத்தது, இயற்கை × பண்பாடு, மேல் × கீழ். ஏதோ ஒரு தொன்மத்தை எடுத்து, தாளின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு எழுதினால் அமைப்பியல் ஆய்வு (கூறுகளைத் தனித்தனியாக அல்லாமல் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை வைத்துப் பார்ப்பது) முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் தவறுகளிலேயே பெரியது. இதற்கு ஒருவகையில் அவரும் காரணம். 1955-இல் வெளிவந்த கட்டுரையில் தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க மன்னன் ஈடிபஸின் கதையை நான்கு நெடுவரிசைகளாகப் பிரித்து அட்டவணை போட்டார். பாடநூல்கள் அதையே மறுபடி மறுபடி அச்சிடுகின்றன. தெருவில் பொம்மை விற்பவன் அது எப்படி ஓடும் என்று காட்டுவதைப் போலத்தான் இது என்று அவரே அங்கே எச்சரித்திருப்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்வுகளைக் கண்டுபிடிப்பது அவருக்கு வேலையின் தொடக்கம்தான். ஒரு கதையிலிருந்து அடுத்த கதைக்குப் போகும்போது அவை எப்படிப் புரண்டு மாறுகின்றன என்பதில்தான் அவர் கண் இருந்தது. 1964-இல் வந்த 'பச்சையும் சமைத்ததும்' தொடங்கும் இடத்தையே பார்க்கலாம். மத்திய பிரேசிலின் பொரோரோ மக்கள் சொல்லும் கதை. தாயிடம் முறைகேடாக நடந்துகொண்ட மகனை, பஞ்சவர்ணக்கிளி கூடு கட்டியிருக்கும் பாறையில் ஏறவைத்து, தந்தை அங்கேயே தவிக்க விட்டுப் போய்விடுகிறான். பையன் எப்படியோ தப்பி ஊர் திரும்புகிறான். அன்றிரவு பெரும் புயல்மழை. ஊரில் எல்லா அடுப்பும் அணைந்துபோக, அவன் பாட்டியின் நெருப்பு மட்டும் எரிகிறது. விடிந்ததும் எல்லோரும் தணல் கேட்டு அங்கே வந்து நிற்கிறார்கள். காற்றும் மழையும் எப்படி வந்தன என்று சொல்லும் கதை இது. தனியாகப் படித்தால் அவ்வளவுதான்.

ஆனால் பிரேசிலிலேயே ஜே மொழிகள் பேசும் குழுக்களிடமும் இந்தக் கிளிக்கூட்டுப் பையன் இருக்கிறான். காயப்போ மக்கள் சொல்லும் வடிவத்தில் அவனைத் தவிக்கவிடுவது சகோதரியின் கணவன். ஜாகுவார் (சிறுத்தை போன்ற காட்டு விலங்கு) ஒன்று அவனைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறது. சுட்ட இறைச்சியை அவன் முதன்முதலாகத் தின்பது அங்கேதான். மனிதர்களிடம் அப்போது நெருப்பே கிடையாது. பிறகு ஊரார் வந்து அந்த நெருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட, ஜாகுவார் பச்சை இறைச்சி தின்னத் தொடங்குகிறது; நெருப்பின் பிரதிபலிப்பு அதன் கண்களில் மட்டும் மிச்சமிருக்கிறது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில், இல்லாத நெருப்பு மனிதர் கைக்கு வருகிறது. மற்றதில், இருந்த நெருப்பை மழை அணைக்கிறது. ஜாகுவாரின் நெருப்பு இருந்த இடத்தில் பாட்டியின் அடுப்பு. நெருப்புக் கதையைப் பொரோரோ மக்கள் தண்ணீர்க் கதையாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இப்படி ஒன்றைப் பிடித்து இன்னொன்றாக 800-க்கும் மேற்பட்ட கதைகள், 1971 வரை நான்கு தொகுதிகள், பிரேசிலிலிருந்து வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை வரை.

ஆகவே 'ஜாகுவார் என்றால் ஆற்றல், பாம்பு என்றால் காமம்' என்று குறியீட்டு அகராதி தயாரிப்பவர்கள் அவரைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது. எந்த விலங்குக்கும் நிலையான பொருள் கிடையாது. எதற்கு எதிரே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பொருள். சில படிமங்கள் எல்லா மனித மனங்களிலும் ஒரே பொருளோடு உறைந்திருக்கின்றன என்ற உளவியலாளர் யுங்கின் மூலப்படிவக் கோட்பாட்டோடு இவரைச் சேர்த்துப் பேசுவதும் இதே ரகம்தான். மேலே சொன்ன 1955 கட்டுரையிலேயே யுங்கை அவர் மறுத்திருக்கிறார்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழங்குடிகளின் மனம் தர்க்கத்துக்கு முந்தியது என்று எழுதியவர் லூசியன் லெவி-ப்ரூல். லெவி-ஸ்ட்ராஸ் அதற்கு நேர் எதிர்த் தரப்பு. 1962-இல் அவர் எழுதிய 'காட்டுச் சிந்தனை'யை 'காட்டுமிராண்டிகளின் சிந்தனை' என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த இருவரையும் கலந்துவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்கள் செடிகொடிகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிகிறார்கள் என்று அதில் காட்டுகிறார். பயன்படுவதால் அவற்றைத் தெரிந்துவைத்திருக்கவில்லை, முதலில் தெரிந்துகொண்டதால்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் முடிவு. 'குளிர்ந்த', 'சூடான' சமூகங்கள் என்ற பாகுபாடும் தேங்கியவை, வளர்ந்தவை என்ற பொருளில் வந்ததல்ல. வரலாறு எல்லோருக்கும் உண்டு. அதன் விளைவுகளைத் தணிக்கப் பார்க்கும் சமூகங்களும் உண்டு, அதையே எரிபொருளாக்கும் சமூகங்களும் உண்டு என்பதுதான் அதில் உள்ள விஷயம்.

அவரைப் பெரிய களஆய்வாளராகக் கொண்டாடுவதும் சரியல்ல. 1935-இல் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனவர், பொரோரோ, நம்பிக்வாரா போன்ற மக்களிடையே தங்கியது குறுகிய காலமே. மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக்கின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இருந்ததுபோல ஒரே இடத்தில் வேரூன்றி உட்கார்ந்தவர் அல்ல. தொன்மங்களில் பெரும்பகுதி பிறர் பதிவு செய்தவை. இது குறை என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை: அத்தனை கதைகளை ஒருவர் தனியாகச் சேகரித்திருக்கவும் முடியாது.

மறுமுனைத் தவறு, அமைப்பியல் செத்துவிட்டது என்று கையை உதறுவது. ஆண்கள் பெண்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்ற அவரது 1949 உறவுமுறைக் கோட்பாட்டைப் பெண்ணிய மானுடவியலாளர் கேல் ரூபின் 1975-இல் கடுமையாக விமர்சித்தார். கூடவே அதிலிருந்து எடுக்க வேண்டியதையும் எடுத்துக்கொண்டார். லெவி-ஸ்ட்ராஸிடம் பயின்ற மானுடவியலாளர் பிலிப் டெஸ்கோலா, இயற்கை–பண்பாடு என்ற பிரிவே உலகப் பொதுவானதல்ல என்று 2005-இல் நூலாகவே எழுதினார். அமேசான் ஆய்வுகளில் பிரேசில் மானுடவியலாளர் விவேரோஸ் டி காஸ்ட்ரோவும் லெவி-ஸ்ட்ராஸ் போட்ட தடத்தில் நடந்துதான் வேறு இடத்துக்குப் போனார்.

இன்னொன்று: நான்கு தொகுதிகளில் முதலாவதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பாதியில் மூடிவைக்கும்படி ஆகும். 1958-இல் வெளிவந்த, அஸ்திவால் என்ற நாயகனின் கதையைப் பற்றிய கட்டுரை சிறியது; அதிலிருந்து தொடங்கலாம். கனடாவின் பசிபிக் கரையில் வாழும் சிம்ஷியன் மக்களிடம் மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் பதிவு செய்த கதையை லெவி-ஸ்ட்ராஸ் புவியியல், பிழைப்பு, உறவுமுறை, அண்டப் பார்வை என்று தளம் தளமாகப் பிரித்துக் காட்டுகிறார். போவாஸ் பதிவையும் தேடிப் பிடித்து முதலில் அதைப் படித்துவிட்டு வந்தால், எங்கே லெவி-ஸ்ட்ராஸ் சொல்வது பொருந்துகிறது, எங்கே இழுத்துப் பிடித்திருக்கிறார் என்று நீங்களே சொல்லலாம்.